பாவத்தில் இருக்கிறவன் முன்னுக்கு நின்று செபமாலை சொல்லலாமா?

பழைய_பாடகன் | 20 ஒக்டோபர் 2025, இரவு 11.42

எல்லாருக்கும் வணக்கம். செபமாலை மாதம் என்பதால் எங்கள் பக்கம் (கொழும்பு, கொட்டாஞ்சேனை) மாதா சுரூபம் (சிலை) வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. வருகிற வியாழன் எங்கள் வீட்டு முறை. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அதனால் இந்த முறை என்னைத்தான் முன்னுக்கு நின்று சொல்லச் சொல்கிறார்.

பிரச்சினை என்னவென்றால், நான் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்து பல வருடம். குடி இருக்கிறது. வேறு விஷயங்களும் இருக்கின்றன, அதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். ஞாயிறு பூசைக்குப் போனாலும் வாசலடியில் நின்றுவிட்டு நன்மை (நற்கருணை) வாங்காமல் திரும்பிவிடுவேன். போன வருடம் பக்கத்து வீட்டில் செபமாலை முடிந்து நெஸ்கபேயும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெரியவர் என் காதில் விழட்டும் என்றே சொன்னார்: "பாவிகளுக்குக் கடவுள் செவிகொடுக்கிறதில்லை, பைபிளிலயே இருக்கு."

அது உண்மையா? என்னைப் போல ஒருத்தன் சொல்லும் செபமாலைக்கு ஏதும் பலன் இருக்கிறதா, இல்லை அம்மாவுக்காக நடிப்பதாக ஆகிவிடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புத்திமதி வேண்டாம், அது வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.

மாதா_பிள்ளை | 21 ஒக்டோபர், காலை 5.20

தம்பி, உங்கட அம்மா உங்களை முன்னுக்கு நிக்கச் சொன்னது உங்கட குடியைப் பற்றித் தெரியாமலோ? தாய்க்குத் தெரியாத குடி எங்க இருக்கு. தெரிஞ்சுதான் கேக்கிறா.

மாதா பிரார்த்தனையில "பாவிகளுக்கு அடைக்கலமே" எண்டு நாங்கள் ஒவ்வொரு நாளும் சொல்லுறம். நீதிமான்களுக்கு அடைக்கலம் எதுக்கு? செபமாலை சொல்லுறவைக்கு மாதா குடுத்த 15 வாக்குறுதி இருக்கு, அதில பாவிகளை மனந்திருப்புவன் எண்டும், தேவதிரவிய அனுமானங்கள் (பாவசங்கீர்த்தனம், நன்மை போல குரு குடுக்கிற அருளடையாளங்கள்) இல்லாமல் சாக விடமாட்டன் எண்டும் இருக்கு. நாளாந்தம் சொல்லுறவன் நரகத்துக்குப் போகவே மாட்டான். பயப்படாமல் சொல்லுங்கோ.

ஓட்டோ_அந்தோனி | 21 ஒக்டோபர், காலை 6.05

அண்ணே, என் ஓட்டோ கண்ணாடியில ஒரு செபமாலை தொங்குது. ஆமர் வீதி டிராஃபிக்ல என் வாயில இருந்து வர்றதெல்லாம் முதல்ல அதுக்குத்தான் கேக்கும். அதுக்காகக் கழட்டி வைக்கவா முடியும்? வியாழக்கிழமை மட்டும் வாசம் வராம பார்த்துக்கங்க. பாக்கி மாதா பார்த்துக்குவாங்க.

குறிப்பேடு | 21 ஒக்டோபர், காலை 8.31

அந்தப் பெரியவர் சொன்னது யோவான் 9:31. அந்த வரி இயேசுவின் வாயிலிருந்து வரவில்லை. பிறவிக் குருடராயிருந்து பார்வை பெற்ற மனிதர், தம்மைக் குறுக்கு விசாரணை செய்யும் பரிசேயரிடம் அப்படி வாதாடுகிறார். "நீங்கள் பாவி என்று சொல்லும் அந்த ஆளுக்குக் கடவுள் எப்படிச் செவிகொடுத்தார்?" என்று அவர்களை மடக்கப் பார்க்கிறார். அதை எடுத்து ஒரு சட்டமாக்கி இன்னொருவர் தலையில் அடிப்பது நியாயமில்லை.

இந்தக் கேள்வி பழையது. பழைய திருச்சபைத் தந்தை அகுஸ்தீனார் இதே வசனத்துக்கு விளக்கம் சொல்லும்போது, கடவுள் பாவிகளுக்கும் செவிகொடுக்கிறார், இல்லையென்றால் லூக்கா 18இல் நெஞ்சில் அறைந்துகொண்டு நின்ற வரிதண்டுபவர் மன்றாடியது வீண் என்கிறார். 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமா அக்குவினார் இதற்கென்றே தமது பெரிய இறையியல் தொகுப்பில் ஓர் உட்பிரிவு ஒதுக்கினார் (இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதி, 83ஆம் கேள்வி, 16ஆவது உட்பிரிவு). அவர் சொல்வதன் சாரம்: பாவி தனக்கு உரிமை என்று எதையும் கேட்க முடியாது. கடவுள் வெறும் இரக்கத்தால் கேட்கிறார். ஆனால் அவன் தனக்காகக் கேட்க வேண்டும், மீட்புக்கு வேண்டியதைக் கேட்க வேண்டும், பக்தியோடு கேட்க வேண்டும், விடாமல் கேட்க வேண்டும்.

இப்போது "அருள் நிறைந்த மரியே" செபத்தின் பின்பாதியை இதோடு வைத்துப் பாருங்கள். முன்பாதி லூக்கா நற்செய்தியிலிருந்து வருகிறது: வானதூதர் சொன்னதும் எலிசபெத்து சொன்னதும். பின்பாதி திருச்சபை சேர்த்தது. 1568இல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட உரோமைக் கட்டளைச் செப நூலில்தான் இன்று நாம் சொல்லும் வடிவம் நிலைத்தது. அதில் கேட்பவர் தம்மை யார் என்று சொல்கிறார்? பாவிகளாகிய எங்களுக்காக. எதற்காகக் கேட்கிறார்? இப்பொழுதும், இறப்பின் வேளையிலும். மணிகளைப் பத்துப் பத்தாகப் பிரித்த ஐந்து பத்தில் அதை ஐம்பது தடவை சொல்கிறோம். பாவி சொல்லக்கூடாத செபம் என்றால் இந்தச் செபத்தைச் சொல்ல ஆளே இருக்காது.

வசனம்_மட்டும் | 21 ஒக்டோபர், காலை 9.50

நான் குறை சொல்ல வரவில்லை. நானும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன்தான், இப்போது வேறு சபைக்குப் போகிறேன். ஆனால் மத்தேயு 6:7 என்ன சொல்கிறது? வீணாகத் திரும்பத் திரும்பப் பிதற்ற வேண்டாம் என்று. 1 திமொத்தேயு 2:5இல் மத்தியஸ்தர் ஒருவரே. அந்தத் தம்பி நேராக இயேசுவிடம் போனால் போதுமே, ஐம்பது மணி எதற்கு?

புளூமெண்டால்_பெடியன் | 21 ஒக்டோபர், காலை 10.22

திருப்பிச் சொல்வதே பிழை என்றால் 136ஆம் சங்கீதத்தை என்ன செய்வது? 26 வசனம், 26இலும் ஒரே பல்லவி. கெத்சமனியில் இயேசு மூன்றாம் தடவையும் அதே வார்த்தைகளைச் சொல்லி வேண்டினார் என்று மத்தேயு 26:44இல் இருக்கிறது. கண்டிக்கப்பட்டது, நிறையப் பேசினால் கடவுள் மசிவார் என்ற நினைப்பு. அந்த நினைப்பு ஒரு மணியும் இல்லாமல் மைக் பிடித்து இரவு முழுக்கச் செபிக்கிறவருக்கும் வரலாம்.

திமொத்தேயு 2:5க்கு நாலு வசனம் மேலே போனால், எல்லாருக்காகவும் மன்றாடுங்கள் என்று பவுல் கேட்கிறார். நீங்கள் உங்கள் பாஸ்டரிடம் "எனக்காக ஜெபியுங்கள்" என்று சொல்வதில்லையா? மாதாவிடம் நாங்கள் கேட்பதும் அதுதான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம்) 1964இல் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: மரியாளின் பரிந்துரை கிறிஸ்துவின் ஒரே மத்தியஸ்தத்திலிருந்து எதையும் குறைப்பதுமில்லை, அதோடு எதையும் கூட்டுவதுமில்லை.

வசனம்_மட்டும் | 21 ஒக்டோபர், காலை 10.41

சரி சகோதரரே, அதில் நாம் ஒத்துப்போக மாட்டோம். அந்தத் தம்பிக்காக நானும் ஜெபிக்கிறேன்.

கணக்கன் | 21 ஒக்டோபர், பகல் 12.15

எனக்கு வேறு கேள்வி. எங்கள் ஒழுங்கையில் ஒரு மனிதர் இருந்தார். ஒக்டோபர் வந்தால் அவர்தான் முன்னுக்கு. முழங்காலில் நின்று, கண் மூடி, எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்லுவார். சீட்டும் பிடித்தார். ஒரு நாள் சீட்டுக் காசு முழுக்க எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு காணாமல் போய்விட்டார். என் அக்காவின் மகளுக்குக் கல்யாணத்துக்கென்று போட்டு வைத்த காசும் அதில் போனது.

அவர் நாளாந்தம் செபமாலை சொன்னவர். மேலே அக்கா சொன்ன கணக்குப்படி அவர் நரகத்துக்குப் போக மாட்டார், அப்படித்தானே? இந்த "வல்லமை" யாருக்கு வேலை செய்கிறது என்று யாராவது சொல்லுங்கள். நான் கோபத்தில்தான் எழுதுகிறேன், மறைக்கவில்லை.

குறிப்பேடு | 21 ஒக்டோபர், பிற்பகல் 1.40

கணக்கன், கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது. திருச்சபையும் இந்த விஷயத்தில் உங்கள் பக்கம்தான். கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2111ஆம் எண்ணைப் பாருங்கள்: உள்ளத்தின் நிலையை விட்டுவிட்டு, வெளியே செய்கிற செயலிலேயே செபத்தின் பலன் இருக்கிறது என்று நம்பினால் அதற்குப் பெயர் மூடநம்பிக்கை. 1974இல் பாப்பரசர் ஆறாம் பவுலும் இதையே சொன்னார், தியானம் இல்லாத செபமாலை உயிரில்லாத உடல் என்று. இன்னொன்று, எடுத்த காசைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணமே இல்லாமல் ஒருவர் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனாலும் அது மனஸ்தாபம் (பாவத்துக்காக உண்மையாக வருந்துதல்) ஆகாது.

மாதா_பிள்ளை அக்கா கோபிக்க வேண்டாம். அந்த 15 வாக்குறுதிகள் துண்டுப் பிரசுரங்களில், தோமினிக்கன் சபையைத் தொடங்கிய புனித தோமினிக்கின் பெயரில் வருகின்றன. தோமினிக் இறந்தது 1221இல். அவற்றைப் பரப்பியவராகச் சொல்லப்படும் ஆலன் தெ லா றோஷ் என்ற தோமினிக்கன் துறவி இறந்தது 1475இல். இடையில் 250 வருடம். அதை நம்பித் தேறுதல் அடைகிறவர்களை நான் தடுக்கவில்லை, ஆனால் விசுவாசக் கோட்பாடு போல ஒருவருக்கும் உத்தரவாதம் கொடுக்க அது போதாது. "நாளாந்தம் சொன்னால் நரகமில்லை" என்று மொட்டையாகச் சொன்னால் அந்தச் சீட்டுக்காரர்தான் முதலில் சந்தோஷப்படுவார்.

மாதா_பிள்ளை | 21 ஒக்டோபர், பிற்பகல் 2.05

நான் கோபிக்கேல்லை. ஆனா நான் சொன்னது பக்தியாச் சொல்லுறவையைப் பற்றி. அந்த மனுசன் மணி உருட்டினவர், அவ்வளவுதான்.

ஒண்டு சொல்லுறன். புனித யோசேப் வாஸ் அடிகளார் 1687இல யாழ்ப்பாணம் வரேக்க கழுத்தில செபமாலை போட்டுக்கொண்டு பிச்சைக்காரன் மாதிரி வீடு வீடாப் போனவர். ஒல்லாந்தர் காலம். குருமாரை எல்லாம் துரத்திப்போட்டாங்கள். கொழும்பு 1656இல, யாழ்ப்பாணம் 1658இல அவங்கட கையில விழுந்தது, அதுக்குப் பிறகு முப்பது வருசமாச் சனத்துக்குப் பூசையும் இல்லை, பாவசங்கீர்த்தனமும் இல்லை. செபமாலையைக் கண்டு ஆர் முகம் மாறுதோ அவை எங்கட சனம் எண்டு அவர் கண்டுபிடிச்சவர். பிறகு ரகசியமா இரவில பாவசங்கீர்த்தனம் கேட்டு, பூசை வைச்சுக் குடுத்தவர். முப்பது வருசம் குருவே இல்லாமல் இருந்த சனத்தில எவ்வளவு பாவம் சேர்ந்திருக்கும்? அந்தச் சனத்தைக் குருவிட்டக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த மாலைதான். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத் திடலில அவரைப் புனிதராக்கினபோது நான் வெயிலுக்க நிண்டு அழுதனான்.

புளூமெண்டால்_பெடியன் | 21 ஒக்டோபர், மாலை 4.48

அக்கா, அது அருமை. செபமாலையால் குரு அடையாளம் தெரிந்தார், குருவிடம் பாவசங்கீர்த்தனம் கிடைத்தது. இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஆனால் பழைய_பாடகன் அண்ணனுக்கு நான் சொல்ல வந்தது வேறொரு ஆளைப் பற்றி. நேற்று முன்தினம், ஞாயிறு, உரோமையில் ஏழு பேரைப் புனிதராக்கினார்களே, போனில் பார்த்தீர்களா? அதில் ஒருவர் பார்த்தலோ லோங்கோ. 1841இல் தென் இத்தாலியில் பிறந்தவர், நாப்போலியில் சட்டம் படித்தவர். படிக்கும் காலத்தில் ஆவிகளோடு பேசும் கூட்டங்களில் மாட்டி, கடைசியில் சாத்தான் வழிபாட்டில் "குரு"வாகவே ஆனார். நம்மில் யாரும் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டோம் என்று நினைக்கிறேன் (ஓட்டோ அந்தோனி அண்ணனைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது).

ஒரு நண்பரும் ஒரு தோமினிக்கன் குருவும் அவரை மீட்டார்கள். 1865இல் பாவசங்கீர்த்தனம் செய்து திரும்பினார். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும், இல்லையா? முடியவில்லை. ஏழு வருடம் கழித்து, 1872 ஒக்டோபரில், ஒரு சீமாட்டியின் நிலபுலன்களைப் பார்க்கப் பொம்பேய் பள்ளத்தாக்குக்குப் போனவர், வயல்வெளியில் நடந்துகொண்டிருக்கும்போது பெரிய அவநம்பிக்கையில் விழுகிறார். சாத்தானுக்குக் கொடுத்த வாக்கு இன்னும் தன்னைக் கட்டிவைத்திருக்கிறதோ, தனக்கு மன்னிப்பே இல்லையோ என்று. தற்கொலை எண்ணம்கூட வந்ததாக அவரே பிறகு எழுதினார். கவனியுங்கள், இது மன்னிப்புக் கிடைத்த பிறகு. அந்த நேரத்தில்தான், மீட்பு வேண்டுமென்றால் செபமாலையைப் பரப்பு என்ற சொல் மனதுக்குள் கேட்டதாம்.

அந்த வயல்காட்டுச் சனத்துக்குச் செபமாலை சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். 1875 நவம்பரில் ஒரு கிழிந்த பழைய செபமாலை மாதா படம் கிடைத்தது. ஏற்றி வர வேறு வண்டி இல்லாமல் எருவண்டியில் வந்தது. இன்று பொம்பேய் பேராலயத்தில் இருப்பது அந்தப் படம்தான். அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் கட்டினார், பிறகு 1892இல் சிறைக்கைதிகளின் பிள்ளைகளுக்கும் ஒன்று. குற்றவாளியின் பிள்ளையும் குற்றவாளியாகத்தான் வரும் என்று படித்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1926இல் இறந்தார்.

பாவிகளுக்குச் செபமாலையின் வல்லமை என்று பேசும்போது நாம் எப்போதும் "பாவம் போகுமா" என்றே கேட்கிறோம். பாவத்தைப் போக்க வேறு அருளடையாளம் இருக்கிறது, அது பாவசங்கீர்த்தனம். செபமாலை லோங்கோவுக்குச் செய்தது வேறு வேலை: தொட்டிக்குப் போக முடியாதபடியோ, போய் வந்தும் நம்ப முடியாதபடியோ மனதைப் பிடித்திருக்கும் அந்த "உனக்கெல்லாம் எங்கே" என்ற குரலோடு சண்டை பிடித்தது. போன வருடம் பெரியவர் உங்கள் காதில் போட்டதும் அதே குரல்தான் என்பேன். கோபம் வந்தால் மன்னியுங்கள்.

கணக்கன் | 21 ஒக்டோபர், மாலை 6.10

நல்ல கதை. என் அக்காவின் காசு வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயரிலி | 21 ஒக்டோபர், இரவு 9.33

இதை வேறு எங்கேயும் கேட்க முடியாது, அதனால் இங்கே. என் கோயில் கல்யாணத்துக்குப் பிறகு அவர் இத்தாலிக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டார். நான் கோர்ட்டில் பிரிந்து, இன்னொருவரோடு பதிவுத் திருமணம் செய்து வாழ்கிறேன். நல்ல மனிதர். பௌத்தர். செபமாலை நேரத்தில் ரேடியோவைக் குறைத்துவிட்டு வெளியே போய் இருப்பார்.

எனக்கு நன்மை இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது இந்த நிலையில் பாவமன்னிப்புத் தர முடியாது என்றார்கள். நீங்கள் எல்லாரும் செபமாலை பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டிப்போகும் என்கிறீர்கள். கூட்டிப்போன இடத்தில் கதவு பூட்டியிருந்தால்? எனக்கு மிஞ்சியது இந்த மாலை மட்டும்தான்.

மாதா_பிள்ளை | 21 ஒக்டோபர், இரவு 9.50

பிள்ளை, விடாமல் சொல்லுங்கோ. நான் இண்டைக்கு ஒரு பத்து உங்களுக்கு.

குறிப்பேடு | 21 ஒக்டோபர், இரவு 10.27

சகோதரி, இதற்குச் சுலபமான பதில் இல்லை. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

உங்கள் நிலையில் உள்ளவர்களைப் பற்றி 1981இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் குடும்பம் பற்றிய மடலின் 84ஆம் எண்ணில் எழுதியிருக்கிறார். நற்கருணை பற்றிய ஒழுங்கை அவர் தளர்த்தவில்லை. ஆனால் அவர்கள் திருச்சபைக்கு வெளியே போய்விட்டவர்கள் என்று நினைக்கவே கூடாது, பூசைக்கு வரவும் செபத்தில் நிலைத்திருக்கவும் அவர்களை ஊக்கப்படுத்துங்கள் என்று மேய்ப்பர்களிடம் கேட்கிறார். ஆகவே உங்கள் செபமாலை கதவுக்கு வெளியே நின்று சொல்லப்படுவதில்லை.

இரண்டாவது, நடைமுறை விஷயம். முதல் திருமணம் செல்லுபடியானதா என்று மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்தில் விசாரிக்கச் சொல்லிக் கேட்டீர்களா? 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் அந்த நடைமுறையை இலகுவாக்கினார். முன்பு ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தாலும் இரண்டாவது நீதிமன்றம் கட்டாயம் உறுதி செய்ய வேண்டியிருந்தது, அது இப்போது இல்லை. தீர்ப்பு எப்படி வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆனால் கேட்காமலே விட வேண்டாம். உங்கள் பங்குக் கோயிலில் தயக்கமாக இருந்தால் வேறு பங்குக் குருவிடம் போய்க் கேட்கலாம், அதில் தப்பில்லை.

பெயரிலி | 21 ஒக்டோபர், இரவு 10.58

யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. நன்றி.

பழைய_பாடகன் | 22 ஒக்டோபர், இரவு 8.15

எல்லாவற்றையும் வாசித்தேன். லோங்கோ கதையை இரண்டு தரம். புத்திமதி வேண்டாம் என்று எழுதியும் கொஞ்சம் வந்துதான் இருக்கிறது, பரவாயில்லை.

இன்று அம்மா தன் செபமாலையை என் கையில் கொடுத்து "நாளைக்கு இதிலதான் சொல்லணும்" என்றார். கறுப்பு மர மணி, மடு மாதா கோயிலில் வாங்கியது. மூன்றாம் பத்தில் ஒரு மணி எப்போதோ தொலைந்து போய், அந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தானைக் கோத்து வைத்திருக்கிறார். என் பள்ளிக்கூடச் சட்டைப் பொத்தானாம். எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

சொல்கிறேன். இப்போது தெரிய வேண்டியது: நாளை வியாழன். அம்மா சந்தோஷ தேவரகசியம் (பத்துக்கு ஒன்றாகத் தியானிக்கும் இயேசு, மாதா வாழ்வின் நிகழ்வுகள்) என்கிறார், தங்கச்சி ஒளியின் தேவரகசியம் என்கிறாள். எது? அந்தப் பெரியவரும் வருவார், பிழை விட்டால் சும்மா விடமாட்டார்.

குறிப்பேடு | 22 ஒக்டோபர், இரவு 8.40

இருவரும் சரி. பழைய வழக்கத்தில் வியாழன் சந்தோஷம். 2002 ஒக்டோபர் 16ஆம் திகதி இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் தேவரகசியங்களைச் சேர்த்து, வியாழனை அவற்றுக்குக் கொடுத்தார், சந்தோஷம் திங்களில் இருந்தபடியே சனிக்கும் போனது. கட்டளையாக இல்லை, பரிந்துரையாகத்தான் கொடுத்தார்.

நீங்கள் ஒளியையே எடுங்கள் என்பேன். அதில் மூன்றாவது தேவரகசியம், இயேசு இறையாட்சியை அறிவித்து மனந்திரும்ப அழைத்தது. யோவான் பவுல் அந்த இடத்தில்தான் பாவமன்னிப்பையும் ஒப்புரவு அருளடையாளத்தையும் (பாவசங்கீர்த்தனத்தையும்) சேர்த்துச் சொல்கிறார். உங்கள் பொத்தான் இருப்பதும் மூன்றாம் பத்தில்தானே.

ஓட்டோ_அந்தோனி | 22 ஒக்டோபர், இரவு 8.52

ஒளியில ரெண்டாவது கானாவூர் கல்யாணம். திராட்சரசம் தீர்ந்து குடிக்கிறதுக்கு இல்லைன்னு மாதாவே இயேசுகிட்டப் போய்ச் சொன்ன இடம். அண்ணே, அந்தப் பத்துல சிரிச்சிடாதீங்க.

மாதா_பிள்ளை | 22 ஒக்டோபர், இரவு 9.01

அந்தோனி, வாயைக் கழுவும்.

தம்பி, ஒவ்வொரு பத்து முடிவிலயும் "ஓ என் இயேசுவே" சொல்ல மறக்காதேங்கோ. 1917 ஜூலையில போர்த்துக்கலில பாத்திமாவில பிள்ளையளுக்கு மாதா படிப்பிச்ச செபம், அதில உம்முடைய இரக்கம் ஆருக்குக் கூடத் தேவையோ அவைக்கு உதவும் எண்டு வரும். மேசைக்கு வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுதிரி, கொஞ்சம் மல்லிகை. மாதா பிரார்த்தனை பாடமில்லாட்டி புத்தகத்தைப் பாத்து வாசியுங்கோ.

பழைய_பாடகன் | 22 ஒக்டோபர், இரவு 9.20

பிரார்த்தனை பாடம் அக்கா, பாட்டாகவே தெரியும். ஒளியையே சொல்கிறேன். பெரியவர் கேட்டால் 2002 என்று சொல்லிக்கொள்கிறேன். கொட்டாஞ்சேனைப் பக்கம் சனிக்கிழமை பின்னேரம் பாவசங்கீர்த்தனம் கேட்கும் தமிழ் ஃபாதர் யாராவது இருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். எங்கள் பங்கில் எல்லாருக்கும் என் குரல் தெரியும்.

ஓட்டோ_அந்தோனி | 22 ஒக்டோபர், இரவு 9.24

தனிச் செய்தி பாருங்க. ஓட்டோ நான் கொண்டு வர்றேன், காசு வேணாம்.